கம்பத்தை விட்டு ஓடிய சிங்கங்கள்

திறக்க மாட்டீர்கள் என்று தெரியும், அண்ணா. தெரிந்துதான் வந்திருக்கிறேன். முதலில் கேளுங்கள், அப்புறம் மாட்டேன் என்று சொல்லுங்கள். கேட்காமலே மாட்டேன் என்கிறவர்கள் இந்த ஊரில் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறார்கள்.

பெரிய வாசலையா திறக்கச் சொல்கிறேன்? இந்தத் திட்டிவாசலைத்தானே. ஓர் ஆள் குனிந்து போகிற அளவுதான். நானோ ஒல்லி. இடுப்பில் இவள் இருக்கிறாள், என் மகள் இரியா, இவளும் இப்போது பாதியாகிவிட்டாள். நாங்கள் போனால் ஒரு பூனை போன மாதிரிதான். நீங்கள் பாட்டுக்கு வில்நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கலாம்.

உங்களிடம் ஏன் வந்தேன் தெரியுமா? நீங்கள் வெளியூர். கடற்கரைப் பக்கத்திலிருந்து ஊர்ச்சபை இந்த வாசலைக் காக்கக் கூலிக்குக் கொண்டுவந்த ஆள். இந்த மொந்தல்வா ஊர்க்காரன் ஒருவனிடம் இதைப் பேச முடியாது. என்னைக் கண்டாலே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்கிறார்கள். நேற்று ஒரு கிழவி என் விரலை எடுத்து முத்தமிடுகிறாள், ஊசி பிடித்த விரலாம்! எனக்கு உடம்பே கூசிப்போயிற்று.

ஆமாம், அந்தக் கொடியைத் தைத்தது நான்தான். கியோமார். கொடிக்காரர் எஸ்தேவனின் மனைவி. ஏன் திடீரென்று நிமிர்ந்து உட்காருகிறீர்கள்? நீங்களும் தொப்பியில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து.

புத்தகம் படிக்கிற மாதிரிப் பேசுகிறேன் என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆற்றுக்கு மேலே கன்னியர் மடத்தில் வளர்ந்தவள் நான். பேச்சை விழுங்கினால் சாப்பாடு கிடையாது அங்கே. பொய் சொன்னால் இரண்டு நாளைக்குக் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், நான் பொய் சொல்கிறவள் இல்லை. கொடியில் இருப்பது தவறு. வீரம் இல்லை, பக்தி இல்லை, தேவதூதன் வந்து என் கையைப் பிடிக்கவும் இல்லை. தவறு. கைத்தவறு. இந்த ஒரு சொல்லைக் கேட்க ஊரில் ஒருவருக்கும் காது இல்லை.

உங்களுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். நண்பகல் மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறதே.

நம் ராஜா செத்துப்போனார் அல்லவா? மகன் இல்லை. ஒரே ஒரு மகள், பொம்மை வைத்து விளையாடுகிற வயது. அவளைத்தான் பக்கத்து தேசமான காஸ்டிலின் ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். காஸ்டில்காரர் என்ன சொன்னார்? மனைவியின் நாடு என் நாடு, போர்த்துகலும் எனக்கே என்றார். இங்கே செத்தவருக்கு ஒரு தம்பி, முறைப்படி பிறக்காத தம்பி, அவர் துறைமுகப் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்கே என்றார். எனக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். யார் ராஜாவானாலும் இவளுக்குப் பல் முளைக்கத்தான் போகிறது.

நம் ஊர் எல்லையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் காஸ்டில். எங்கள் ஊர்ச்சபைக்காரர்கள் நெஞ்சழுத்தக்காரர்கள் இல்லை. அடுப்பில் உலை இருந்தால் போதும் என்கிறவர்கள். பெரிய ராஜாவான காஸ்டில்காரருக்கே பணிவோம் என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. நான்கூட மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்த மெழுகுவர்த்தியைத் திரும்பக் கேட்க வேண்டும்.

புது ராஜா வந்தால் ஒரு வழக்கம், உங்கள் ஊரிலும் இருக்குமே. கொடிக்காரர் குதிரை ஏறி, புதுக்கொடி பிடித்துத் தெருத்தெருவாகப் போக வேண்டும். முக்குக்கு முக்கு நின்று, "ராஜ்யம்! ராஜ்யம்! இன்னாருக்கே ராஜ்யம்!" என்று கூவ வேண்டும். ஜனம் திருப்பிக் கூவ வேண்டும். அவ்வளவுதான், ராஜா மாறியாயிற்று. என் வீட்டுக்காரர் குடும்பத்தில் பரம்பரையாக அந்த வேலை. குடும்பத்தில்தான் பரம்பரை, இவரோ மழைத்தூறல் விழுந்தால் குதிரையை வெளியே எடுக்காதவர். கல்யாணத்தன்று மோதிரம் போடும்போது மோதிரத்தைக் கீழே போட்டவர்.

புதுக்கொடிக்கு காஸ்டிலிலிருந்து படம் வரைந்து அனுப்பினார்கள். கம்பத்தின் பக்கம் அவர்களுடைய கோட்டையும் சிங்கமும். சிங்கங்கள் கம்பத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கம்பத்துக்குத் தள்ளி, காற்றில் படபடக்கிற கோடியில், நம் நீலக் கேடயங்கள். யார் முன்னே, யார் பின்னே என்பதெல்லாம் கொடியில் அதுதான். மடத்துத் தாயார் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியும்!

எங்கள் மடத்தில் துணியின் பின்பக்கமிருந்துதான் பூத்தையல் போடுவோம். சட்டத்தில் இழுத்துக் கட்டினால் துணியின் முகம் தரையைப் பார்க்கும். கைவேர்வை, மூச்சு, மெழுகுச் சொட்டு, எதுவும் முகத்தில் படக் கூடாது. பீடத்துணி இல்லையா. அப்படித் தைத்தால் இடம் வலமாகிவிடும். அதனால் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வரைந்து பின்னே குத்த வேண்டும். மடத்தில் அதை எப்போதும் அல்தோன்சா அம்மாள்தான் செய்வார். எங்களுக்குத் திருப்பிய படம்தான் கைக்கு வரும். நாங்கள் நூலைக் கோத்தோம், தைத்தோம். அவ்வளவுதான்.

வீட்டில் யார் திருப்பித் தருவார்?

இவளுக்கு அப்போது வயிற்றுவலி. காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே தைத்தேன், அண்ணா. வந்த படத்தை வந்தபடியே குத்திக்கொண்டேன். ஒருமுறைகூடத் தோன்றவில்லை. சிங்கத்துக்கு ஊதா நூல் எவ்வளவு அழகாக விழுந்தது என்றுதான் பார்த்தேன். சாமியார் மந்திரிக்கும்வரை கொடியின் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பதும் வழக்கம். மெல்லிய வெள்ளைத்துணி போட்டு மூடிவிட்டேன். தையற்காரர் அதைப் பிரிக்காமலே, கம்பம் நுழைகிற உறையை எப்போதும் வைக்கிற பக்கம் வைத்துத் தைத்தார். சாமியார் அதன்மேலேயே தீர்த்தம் தெளித்தார். இவர் குதிரை ஏறினார். கோயில் முற்றத்தில் வெள்ளைத்துணியை உருவினார்கள்.

காற்று என்றால் அப்படி ஒரு காற்று!

நான் மாடத்தில் இவளை வைத்துக்கொண்டு நிற்கிறேன். கம்பத்தை ஒட்டி நம் கேடயங்கள், ஜம்மென்று. கோடியில் காஸ்டில் சிங்கங்கள், கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காற்று அடிக்க அடிக்க, நாலுகால் பாய்ச்சலில் ஓடுகின்றன! வாலைத் தூக்கிக்கொண்டு! இவருக்கோ ஒன்றும் தெரியவில்லை. கொடிக்குக் கீழே இருக்கிறவருக்குக் கொடி தெரியுமா? "ராஜ்யம்! ராஜ்யம்!" என்று ஆரம்பிக்கிறார்.

மீன்காரி உர்ராக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏலே, சிங்கம் ஓடுது பாருங்கடா! நம்மளப் பாத்து ஓடுதுடா!" என்றாள். ஒருத்தன் சிரித்தான். பிறகு முற்றமே சிரித்தது. உங்களுக்கு எப்படிச் சொல்வது, பல மாதமாகப் பயந்து பயந்து குனிந்திருந்த ஜனம் அண்ணா, சிரிக்கச் சிரிக்க நிமிர்ந்துவிட்டார்கள். "இன்னாருக்கே" என்று இவர் பெயர் சொல்வதற்குள், "நமக்கே ராஜ்யம்! நமக்கே ராஜ்யம்!" என்று கத்திவிட்டார்கள். காஸ்டிலிலிருந்து சாட்சிக்கு வந்த பிரபுக்கள் இருவர் அப்படியே குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். யாரோ ஓடிப்போய் வாசலை அடைத்தார்கள். எல்லாம் ஒரு சிரிப்பில்.

அதன் பிறகுதான் காஸ்டில் படையின் இந்த முற்றுகை.

நான் அன்றைக்கே சொன்னேன். சாமியாரிடம் போய், தவறாகத் தைத்துவிட்டேன் சாமி என்றேன். "மகளே, தேவன் உன் கையை நடத்தினார்" என்றார். தேவன் நடத்தவில்லை சாமி, தொட்டில் ஆட்டினேன் என்றேன். கேட்டால்தானே! ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமே அதுதான்.

இவள் அழுகிறாள், மன்னியுங்கள். அழ ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் சத்தமும் வராமல் போகிறது, அதுதான் எனக்கு அழுகையைவிடப் பயமாக இருக்கிறது. எனக்குப் பால் வற்றிவிட்டது. பயத்தில் வற்றும் என்று மருத்துவச்சி சொல்கிறாள். ஊருக்குள் ஒரு ஆடு மிச்சமில்லை. ரொட்டியை நனைத்து விரலில் வைத்தால் துப்பிவிடுகிறாள்.

அதனால்தான் கதவு கேட்கிறேன். அவர்களுடைய கட்டியக்காரர் வாசலுக்கு வெளியே நின்று சொன்னதை நீங்களும் கேட்டிருப்பீர்களே? "அந்தக் கொடியைச் செய்த கை வெளியே வரட்டும். ஏழாம் நாள் நண்பகல் மணி அடித்து முடிவதற்குள் வந்தால் முற்றுகையை எடுப்போம், மாடும் தானியமும் உள்ளே வரும். வராவிட்டால் இந்த ஊரில் ஒரு வீட்டுக்கும் கூரை இருக்காது." இன்றுதான் ஏழாம் நாள். தெளிவாகத்தானே சொன்னார்? செய்த கை. செய்த கை இது. நான் போய், ஐயா, பின்பக்கமிருந்து தைத்தேன், படத்தைத் திருப்ப மறந்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. அந்தக் கட்டியக்காரர் கொடியும் சின்னமும் படித்தவர். ஊசியும் நூலும் கொடுத்தால் அவர் கண்முன்னாலேயே தைத்துக் காட்டுவேன். சிரித்துவிடுவார். காஸ்டிலில் மட்டும் தொட்டில் இல்லையா?

மெழுகை ஏன் கீழே வைத்தீர்கள்?

என் வீட்டுக்காரரா? அவரைப் பற்றிக் கேட்காதீர்கள், எனக்கு எரிச்சல் வரும். சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

கட்டியக்காரர் வந்த அன்று சாயங்காலம் கோயிலில் சபை கூடியது. ஆண்கள் முன்னே, நாங்கள் பின்னே. ஊர்த்தலைவர் எழுந்து, "அந்தக் கை யாருடையது?" என்றார். அவர் கேட்ட விதமே சரியில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நான் எழுவதற்குள் இவர் எழுந்துவிட்டார். மழைக்குப் பயப்படுகிற மனிதர்! பீடத்தடியில் போய் நின்று சொல்கிறார்: "நான்தான். படத்தத் திருப்பிக் குத்துனது நான், தைக்கச் சொன்னதும் நான். அவளுக்கு என்னங்க தெரியும்? புள்ளைக்குப் பால் குடுக்கத் தெரியும். சிங்கத்துக்குத் தலை எது, வால் எதுன்னு கேட்டா முழிப்பா."

எனக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்கள். மடத்தில் படித்தவள் நான். அவருக்கே கேடயத்துக்கு இடம் எது, வலம் எது என்று சொல்லிக்கொடுத்தவள். சபை நடுவில் என்னை முட்டாளாக்கிவிட்டுப் பெருமையை அவர் எடுத்துக்கொள்கிறார். சாமியார் சிலுவையை நீட்டினார், அதன்மேல் கை வைத்துச் சத்தியமும் செய்தார். பொய்ச் சத்தியம்! நான் எழுந்து, "இல்லை, அது" என்று ஆரம்பித்தேன். பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். கட்டிய நாளிலிருந்து கையோங்காதவர், உரக்கப் பேசாதவர். "வாய மூடு, கியோமார்." அவ்வளவுதான். பக்கத்திலிருந்த பெண்கள் என்னை இழுத்து உட்காரவைத்தார்கள். உர்ராக்கா என் தலையை அவள் மடியில் போட்டு அழுத்திக்கொண்டாள். மீன் நாற்றம். அவள் ஏன் அழுதாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

புகழ்ப் பித்து தலைக்கேறிவிட்டது, வேறென்ன. அதிலிருந்து கோபுரத்திலேயே கொடிக்கடியில் படுக்கை. வீட்டுக்கு அவர் பங்கு ரொட்டி மட்டும் வந்துவிடும், "எனக்குப் பசிக்கலைன்னு சொல்லு" என்று சொல்லியனுப்புவார். எப்படிப் பசிக்கும்? வீரருக்கு ஊரே ஊட்டுகிறதோ என்னவோ. ஆனால் பாருங்கள், இளைத்துப்போயிருக்கிறார். சட்டை தோளில் நிற்கவில்லை. பெருமையில் மனிதன் பெருக்கத்தானே வேண்டும்?

இன்றைக்குக் காலையில் வீட்டுக்கு வந்தார். சண்டை போடத் தயாராக நின்றேன். ஆள் என்னவோ திருவிழாவுக்குப் போகிற மாதிரி தலைக்குக் குளித்தார், நகம் வெட்டினார், கல்யாணச் சட்டையைக் கேட்டார். இடுப்புவார் எடுத்துக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். இவளுடைய உள்ளங்காலை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம் வீட்டு விஷயம் பேசுகிறார். "மேற்கால ஓடு ஒடஞ்சிருக்கு, மழைக்கு முன்னாடி மாத்தச் சொல்லு. கழுதைக்கு லாடம் பாக்கணும்." "நீங்களே பாருங்களேன், கோபுரத்தைவிட்டு இறங்கினால் என்ன?" என்றேன். சிரித்தார்.

போகும்போது வாசலில் நின்று, "யாரு கேட்டாலும் என்ன சொல்லணும்? எனக்குத் தெரியாது, அவர் சொன்னார், தைச்சேன். சொல்லு பாப்போம்" என்றார். ஞானப்பாடம் ஒப்பிக்கச் சொல்கிற மாதிரி! மாட்டேன், அது பொய் என்றேன். "சொல்லு புள்ள, ஒருக்கா சொல்லு" என்று கெஞ்சுகிறார். தொலையட்டும் என்று அவர் சொன்னதையே முணுமுணுத்தேன். என் முகத்தை இரண்டு கையாலும் தடவினார், போய்விட்டார். அத்தனை நாடகமும் எதற்கு? நான் எங்கேயாவது உண்மையைச் சொல்லி அவர் பட்டத்தைப் பறித்துவிடுவேன் என்றுதான்.

அவர் போய் தவறு என்று சொல்லவே மாட்டார், அண்ணா. அதனால் நான் போக வேண்டும்.

நீங்கள் நன்றாகக் கேட்கிறீர்கள். இந்த ஊரில் இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்டவர் யாரும் இல்லை. ஆனால் நடுநடுவே தெருவை எட்டிப் பார்க்கிறீர்களே, யாராவது வருகிறார்களா?

"மணி அடிக்கிறதுக்குள்ள வீட்டுக்குப் போ தாயி" என்கிறீர்கள். இது மூன்றாவது தடவை. ஏன்? மணிக்குள் நான் வெளியே அல்லவா போக வேண்டும்? வீட்டுக்குப் போனால் பால் எங்கிருந்து வரும்?

இந்தத் துவாரத்தில் பார்த்தால் ஆற்றங்கரை தெரிகிறது. காலையிலிருந்து அங்கே தச்சர்கள் வேலை செய்கிறார்கள். இரண்டு கம்பம் நட்டு மேலே குறுக்குக்கட்டை போட்டிருக்கிறார்கள். பூசைக்கு மணி கட்டத்தான் இருக்கும். சமாதானப் பூசை. பார்த்தீர்களா, அவர்களுக்கும் இதை முடித்துவிட்டுப் போனால் போதும் என்றுதான் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் எதற்கு மணி என்றுதான்...

ஆரம்பித்துவிட்டதே! மணி அடிக்கிறது! சீக்கிரம் அண்ணா, சாவியை எடுங்கள், உங்கள் பிள்ளைகள் மேல் ஆணை. ஆ, எடுத்துவிட்டீர்களா! மாதா உங்களைக் காப்பாற்றுவாள். இவளை இப்படி மாற்றி வைத்துக்கொள்கிறேன், குனிந்து போக வசதியாக...

யார் அது, தெருவில்?

அவர்தான். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிறார். அடடா, அவரும் போகிறாரா? நான் சொன்னது மனதில் தைத்திருக்கிறது, பாருங்கள். என்னிடம் சொல்லாமல் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று... என்னங்க! இங்கேதான் இருக்கிறேன்! சேர்ந்தே போவோம், நானே தைத்துக் காட்டுகிறேன்...

செருப்பு எங்கே?

என்னங்க, கல் குத்தாதா, செருப்பு எங்கே?

அண்ணா, நீங்கள் ஏன் எழுந்தீர்கள்? வில்லை ஏன் கீழே வைக்கிறீர்கள்? சாவியைக் கல்மேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஏன் தொப்பியைக் கழற்றுகிறீர்கள்? பிணம் போகும்போதல்லவா அப்படி...

உங்களுக்குத் தெரியும். இவர் வருவார் என்று உங்களுக்குத் தெரியும். இவருக்குத்தான் இந்தக் கதவு. நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, நான் வந்ததிலிருந்து உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கட்டை மணி கட்டுவதற்கு இல்லை.

வீட்டுக்குப் போ என்று நீங்களும் சொல்லாதீர்கள். கிட்டே வராதீர்கள், எஸ்தேவன். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது, உர்ராக்காவுக்குத் தெரிந்திருக்கிறது, மடத்தில் படித்த எனக்கு மட்டும் தெரியவில்லை. வாயைப் பொத்த வருகிறீர்களா? வாருங்கள், பொத்துங்கள், கத்த மாட்டேன். என் முதுகு கதவில் இருக்கிறது. என்னையும் பிள்ளையையும் இடித்துத் தள்ளிவிட்டுத்தான் நீங்கள் குனிய வேண்டும்.

பாலா? தெருவில் எத்தனை வீடு இருக்கிறது. வீடு வீடாக மடியேந்திக் கேட்கிறேன். எந்தத் தாயாவது ஒரு வாய் கொடுக்க மாட்டாளா? கூரை போனால் போகட்டும். உடைந்த ஓடுதானே. அவர்கள் வரட்டும், ஏணி வைக்கட்டும். இந்த ஊர் ஒருமுறை சிரித்தே வாசலை அடைத்தது, இன்னொரு முறை அடைக்காதா? எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அழாதீர்கள். நீங்கள் அழுதால் இவளும் ஆரம்பிப்பாள்.

என்ன அண்ணா, கல்லுக்கடியில் தேடுகிறீர்கள்? சாவியா? இப்போதுதானே உங்கள் கையில் இருந்தது. நான் பார்க்கவில்லையே. என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? மடத்தில் வளர்ந்தவள் நான், பொய் சொல்வேனா? மணி அடித்து ஓயட்டும், எல்லாருமாகத் தேடுவோம். இல்லை, இவளை உங்களிடம் தர மாட்டேன். சுற்றியிருக்கிற துணியை அவிழ்க்காதீர்கள். பிள்ளைக்குக் குளிர்காற்று ஆகாது.